புது உடல், பழைய ஃபிரேம்: ஃபிரான்டியர் இனியும் போட்டியில் நிற்குமா?

#1 கிங்கேப்காரன்

அமெரிக்கச் சந்தையில் நடுத்தர பிக்கப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் டொயோட்டா டகோமாவில் ஆரம்பித்து டகோமாவிலேயே முடிந்துவிடுகிறது. நிசான் ஃபிரான்டியரை யாரும் திட்டுவதுகூட இல்லை. மறந்தே போய்விடுகிறார்கள். அதனால்தான் இந்த இழை.

2005-ல் வந்த ஃபிரான்டியரை 2021 மாடல் வரை இழுத்தடித்து, 2022-க்குத்தான் மாற்றி வடிவமைத்தார்கள். வந்த புதிதில் நல்ல பேர்தான். ஆனால் அடுத்தடுத்து 2023-ல் ஷெவ்ரலே கொலராடோ, 2024-ல் ஃபோர்ட் ரேஞ்சரும் டகோமாவும் புதிதாக இறங்கின. மூன்றிலும் டர்போ. நிசான் 2025-ல் முகத்தைத் திருத்தி, மேல் ரகங்களுக்கு 12.3 அங்குலத் திரை கொடுத்ததோடு சரி.

வாங்கலாமா வேண்டாமா என்று கேட்கவில்லை. இன்னும் நாலைந்து வருடத்துக்கு இந்த வண்டியால் மற்றவற்றோடு மல்லுக்கட்ட முடியுமா?

#2 டர்போதாசன்

முடியாது.

"மாற்றி வடிவமைத்தார்கள்" என்பதே கொஞ்சம் தாராளமான பேச்சு. ஃபிரேம், அதாவது உடலைத் தாங்கும் அடிச்சட்டம், 2005 வண்டியுடையதைப் பலப்படுத்தி எடுத்தது. வீல்பேஸ் மாறவே இல்லை: நாலு கதவு, பின்னால் சாமான் ஏற்றும் சின்ன பெட் என்றால் அப்போதும் 126 அங்குலம், இப்போதும் 126 அங்குலம். பின்னால் லீஃப் ஸ்பிரிங். ஸ்டீயரிங் இன்னும் ஹைட்ராலிக்.

டார்க்கை, அதாவது எஞ்சினின் சுழற்று விசையைப் பாருங்கள். ஃபிரான்டியர் 281 பவுண்ட்-அடி, அதுவும் 4,400 ஆர்பிஎம்மை எட்டினால்தான். டகோமா சாதாரண டர்போவே 317, ஹைப்ரிட் 465. கொலராடோ 430. ரேஞ்சரின் 2.7 வி6 எடுத்தால் 400. இதையெல்லாம் ஓட்டிவிட்டு ஃபிரான்டியரில் ஏறினால், ஓவர்டேக் எடுக்கும்போது கியர்பாக்ஸ் மூன்று படி இறங்கி எஞ்சின் கத்தும். அப்போது தெரியும் வித்தியாசம்.

#3 பழையடி40

தம்பி டர்போதாசன், கத்துகிற எஞ்சின் நீண்ட நாள் உழைக்கும் என்பது என் கட்சி.

அந்த 3.8 லிட்டர் வி6, 310 குதிரைத்திறன், 9 கியர் ஆட்டோமேட்டிக், இரண்டையும் நிசான் 2020-லேயே பழைய உடலில் போட்டு விற்க ஆரம்பித்துவிட்டது. அதாவது புது உடல் வரும்போதே எஞ்சினும் கியர்பாக்ஸும் ரோட்டில் ஓடிப் பழகியவை. முதல் வருட வண்டியில் புது எஞ்சின், புது கியர்பாக்ஸ், புது மின்னணு மூன்றையும் ஒன்றாக இறக்கினால் என்ன ஆகும் என்று இந்தப் பிரிவை நாலு வருடமாகக் கவனிப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இன்னொன்று. நிசான் என்றதும் எல்லோரும் சிவிடி, அதாவது படிகள் இல்லாத பெல்ட் வகை கியர்பாக்ஸ், என்று பயப்படுகிறார்கள். ஃபிரான்டியரில் சிவிடி கிடையாது. இது வழக்கமான டார்க் கன்வர்ட்டர் ஆட்டோமேட்டிக், நிசானின் பெரிய பிக்கப் டைட்டனில் இருந்த அதே வகை.

பழைய டி40 (2005-ல் வந்த ஃபிரான்டியரின் குறியீடு) பற்றி யாராவது ஆரம்பிப்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: 2005 முதல் 2010 வரை வந்தவற்றில் ரேடியேட்டருக்குள்ளேயே கியர் ஆயில் கூலர். அது உள்ளே விரிசல் விட்டால் கூலண்ட்டும் ஆயிலும் கலந்து இளஞ்சிவப்புக் குழம்பாகி கியர்பாக்ஸே போய்விடும். வாங்கியவர்கள் சேர்ந்து கூட்டு வழக்குப் போடும் வரை போன சங்கதி. பழைய வண்டி பார்ப்பவர்கள் ரேடியேட்டர் மாற்றியாகிவிட்டதா என்று கேட்டுவிட்டுத்தான் விலை பேச வேண்டும். இப்போதைய வண்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

#4 வால்வுசுத்தம்

பழையடி40 அண்ணே, வி6 எளிமையானது என்பதில் பாதிதான் உண்மை. இது நேரடி எரிபொருள் செலுத்தும் எஞ்சின். பெட்ரோல் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சப்படுவதால் இன்டேக் வால்வின் முதுகைக் கழுவ எதுவும் இல்லை. காலப்போக்கில் கரி படியும். டகோமாவின் 2.4 டர்போவில் நேரடி வகையோடு, வால்வுக்கு முன்னாலேயே பெட்ரோலைத் தெளித்து அதைக் கழுவும் போர்ட் வகை இன்ஜெக்டரும் உண்டு. இந்த ஒரு விஷயத்தில் டர்போக்காரர்தான் நிம்மதியாக இருக்கலாம்.

டர்போ, இன்டர்கூலர், அதற்கான குழாய்கள் இல்லாததால் கெட்டுப்போகக்கூடிய சாமான் குறைவு. அதை மறுக்கவில்லை.

#5 கணக்குப்பிள்ளை

டார்க் சண்டை சுவாரசியம்தான். ஆனால் பிக்கப் வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது கதவோரத்தில் ஒட்டியிருக்கும் மஞ்சள் ஸ்டிக்கர்.

விளம்பரத்தில் இழுவைத் திறன் இப்படி இருக்கும்: கொலராடோ, ஜீப் கிளாடியேட்டர் 7,700 பவுண்டு வரை, ரேஞ்சர் 7,500, ஃபிரான்டியர் 2025 திருத்தத்துக்குப் பிறகு 7,150, டகோமா 6,500 (ஹைப்ரிட் 6,000). பழைய ஃபிரேம் என்று கேலி செய்யப்படும் வண்டி டகோமாவை விட அதிகம் இழுக்கிறது என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். 465 டார்க் இருந்தும் ஹைப்ரிட் சாதாரண டர்போவை விடக் குறைவாகத்தான் இழுக்கும் என்பதையும்.

இப்போது உண்மைக் கணக்கு. ஃபிரான்டியரின் ஆஃப்ரோடு ரகமான நாலு கதவு ப்ரோ-4எக்ஸ் ஸ்டிக்கரில், ஆள், சாமான் எல்லாம் சேர்த்து ஏற்றக்கூடிய சுமை அளவு சுமார் 1,200 பவுண்டு இருக்கும். 6,000 பவுண்டு ட்ரெய்லர் மாட்டுகிறீர்கள். ட்ரெய்லர் ஆடாமல் வரவேண்டுமென்றால் அதன் எடையில் 10 முதல் 15 சதவீதம் வண்டியின் ஹிட்ச் (ட்ரெய்லர் மாட்டும் கொக்கி) மேல் உட்கார வேண்டும். 12 என்று வைப்போம்: 720 பவுண்டு. எடையைப் பகிரும் ஹிட்ச் ஒரு 80. முன்னால் இரண்டு பெரியவர்கள் 350. மொத்தம் 1,150. மிச்சம் 50 பவுண்டில் குழந்தை, கூலர், டூல் பெட்டி எல்லாம் அடங்க வேண்டும்.

டகோமாவிலும் ரேஞ்சரிலும் இதே பாடுதான். ஆஃப்ரோடு சாமான் ஏற ஏற சுமை அளவு இறங்கும். 7,700 என்ற எண் குறைந்த ஆட்கள், காலி பெட், சரியான ரகம் எல்லாம் சேர்ந்தால் மட்டும் கிடைப்பது. அதனால் இந்தப் பிரிவில் யார் முந்துகிறார்கள் என்பதை டார்க் அட்டவணையை வைத்து முடிவு கட்ட முடியாது. எல்லாரும் ஒரே சுவரில்தான் முட்டுகிறார்கள்.

#6 டர்போதாசன்

> எல்லாரும் ஒரே சுவரில்தான் முட்டுகிறார்கள்

சமவெளியில் சரி. மலையேறுங்கள். டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் அடி உயரத்துக்குச் சுமார் 3 சதவீதம் சக்தி இழக்கும். கொலராடோ மாநிலத்தில் ஐ-70 நெடுஞ்சாலை போகும் ஐசன்ஹோவர் சுரங்கம் 11,158 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே 310 குதிரைத்திறன் ஏறக்குறைய 207-ஆகச் சுருங்கிவிடும். டர்போ மெல்லிய காற்றையும் அழுத்திச் சேர்த்துக்கொள்வதால் இழப்பு மிகக் குறைவு. ட்ரெய்லரோடு அந்த ஏற்றத்தில் போகிறவருக்கு இது பெரிய விஷயம்.

#7 ட்ரெய்லர்மாமா

டர்போதாசன் சொல்வது இயற்பியலில் நூற்றுக்கு நூறு சரி. வாங்குகிறவர்களில் எத்தனை பேர் அந்தச் சுரங்கம் பக்கம் போகிறார்கள் என்பதுதான் கேள்வி.

நான் சின்ன கேம்பர் இழுப்பவன். இரண்டு வகை எஞ்சினிலும் இழுத்திருக்கிறேன். டர்போ நாலு சிலிண்டர் 2,000 ஆர்பிஎம்மில் அமைதியாக இழுத்துக்கொண்டு போகும், காதுக்குச் சுகம். ஆனால் பாரம் ஏறினால் பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றழுத்தம்), பூஸ்ட் ஏறினால் பெட்ரோல். ஸ்டிக்கரில் எழுதியிருந்த மைலேஜ் காணாமல் போகும். டர்போ இல்லாத வி6 எப்போதும் சுமாராகக் குடிக்கும், பாரம் ஏற்றினாலும் ரொம்ப ஆச்சரியம் காட்டாது. இறக்கத்தில் பெரிய எஞ்சினின் பிரேக்கிங்கும் கொஞ்சம் கூடுதல். பழக்கம்தான், இரண்டிலும் வேலை நடக்கும்.

எனக்கு முக்கியம் டாங்க். ஃபிரான்டியரில் 21 காலன், டகோமாவில் 18.2. ட்ரெய்லரோடு பெட்ரோல் பங்க்கில் நுழைந்து வளைத்து வெளியே வருவது எவ்வளவு தொல்லை என்று இழுப்பவர்களுக்குத் தெரியும். பங்க்குக்கு ஒருமுறை குறைவாகப் போவது எனக்கு நூறு பவுண்ட்-அடி டார்க்குக்குச் சமம்.

ஸ்டீயரிங்கை "இன்னும் ஹைட்ராலிக்" என்று குறையாகச் சொல்கிறார்கள். நிறுத்துமிடத்தில் கனமாகத்தான் இருக்கும், கை வலிக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குறுக்குக் காற்றில் ட்ரெய்லர் லேசாக அசைய ஆரம்பிப்பது இதில் கைக்கு முதலில் தெரிந்துவிடும்.

#8 நெடுஞ்சாலைவாசி

மாமா, அந்த ஹைட்ராலிக்குக்கு ஒரு விலை இருக்கிறது, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வண்டியைத் தானே லேனின் நடுவில் வைத்திருக்கும் வசதிக்கு ஸ்டீயரிங்கை மோட்டார் திருப்ப வேண்டும். இதில் அந்த மோட்டார் இல்லை. அதனால் நிசானின் மற்ற வண்டிகளில் கிடைக்கும் ப்ரோபைலட் இதில் கிடையாது. முன்வண்டிக்கு ஏற்ப வேகம் மாறும் குரூஸ் உண்டு, லேன் தாண்டினால் எச்சரிக்கை உண்டு, அவ்வளவுதான். டகோமா லேனையும் பிடித்துக்கொள்ளும்.

தினமும் நீண்ட தூரம் ஓட்டுகிறவர் இதற்காகவே ஷோரூமை விட்டு வெளியே போய்விடுவார். என் கருத்தில் ஃபிரான்டியரின் உண்மையான ஓட்டை இதுதான், எஞ்சின் அல்ல. ஸ்டீயரிங் சக்கரத்தை முன்னும் பின்னும் இழுக்கும் வசதியே 2025-ல்தான் வந்தது. மேலே கீழே மட்டும் நகரும் சக்கரத்தோடு மூன்று வருடம் புது வண்டி என்று விற்றார்கள்!

#9 கிங்கேப்காரன்

அந்தச் சக்கர விஷயம் உண்மை. கால் நீளமானவர்கள் சீட்டைப் பின்னால் தள்ளினால் கை எட்டாது, கைக்காக முன்னால் வந்தால் முட்டி டாஷில் இடிக்கும்.

பின்சீட்டு நிலைமை யாருக்காவது தெரியுமா? பழைய அளவுகளே என்பதால் இடம் குறைவு என்று நினைக்கிறேன்.

#10 பழையடி40

குறைவுதான். உயரமான ஆள் பின்னால் உட்கார்ந்தால் முட்டி முன்சீட்டைத் தொடும். ஆனால் இந்தப் பிரிவில் அதற்கெல்லாம் ஹோண்டா ரிட்ஜ்லைன்தான் ராஜா. டகோமா ஹைப்ரிட்டில் பேட்டரியைப் பின்சீட்டுக்கு அடியில் வைத்ததால் அங்கே சாமான் போடும் இடமும் போச்சு.

ஒரு செய்தி பலருக்குத் தெரியாது. காப்பீட்டுக் கம்பெனிகள் நடத்தும் ஐஐஎச்எஸ் அமைப்பு 2023-ல் இந்த அளவு பிக்கப்களை முன்மோதல் சோதனையில் பின்சீட்டுப் பயணியின் பாதுகாப்பைக் கணக்கில் சேர்த்துச் சோதித்தது. ஒன்றுகூட "நன்று" வாங்கவில்லை. அதில் மேலே வந்தது ஃபிரான்டியர், "ஏற்கத்தக்கது" என்ற தரத்தில். ரேஞ்சர் அதற்குக் கீழே. டகோமா, கொலராடோ, கிளாடியேட்டர் மூன்றும் "மோசம்". டகோமாவும் ரேஞ்சரும் அப்போது பழைய தலைமுறை என்பதையும் சொல்லிவிட வேண்டும், அதை வைத்து இன்றைய வண்டியை மட்டம் தட்டக் கூடாது. ஆனால் பழைய ஃபிரேம் என்றால் பாதுகாப்பும் பழசு என்ற பேச்சு அன்றைக்கே அடிபட்டுப்போனது.

#11 பலகைவண்டி

யாரும் பெட் பற்றிப் பேசவில்லையே. நான் தச்சு வேலைக்காரன், எனக்கு அதுதான் வண்டி, மற்றதெல்லாம் அதை இழுத்துவரும் சாமான்.

ப்ளைவுட் பலகை 4 அடிக்கு 8 அடி, அதாவது 48 அங்குல அகலம். ஃபிரான்டியரில் சக்கர மேடுகளுக்கு நடுவே 45 அங்குலம்கூடத் தேறாது. ஆகவே பலகை தரையில் படுக்காது, மேடுகளுக்கு மேல் சட்டம் போட்டு அதன்மேல் அடுக்க வேண்டும். புது ரேஞ்சரில் வண்டியை அகலப்படுத்தியதில் இந்த இடைவெளியும் கூடிவிட்டது, பலகை உள்ளே படுக்கிறது. பொறாமையாக இருக்கிறது.

ஆனால் அதே ரேஞ்சரில் நாலு கதவு, 5 அடி பெட், வேறு பேச்சே இல்லை என்று 2024-ல் இறக்கினார்கள். கொலராடோவும் ஒரே கேப், ஒரே பெட். ஃபிரான்டியரில் நாலு கதவோடு 6 அடி பெட் கிடைக்கும், டகோமாவிலும் கிடைக்கும். 5 அடி பெட்டில் 8 அடிப் பலகை 3 அடி வெளியே தொங்கும், டெயில்கேட் திறந்தாலும் நுனி அந்தரத்தில் ஆடும். 6 அடி என்றால் டெயில்கேட் முழுசாகத் தாங்கிக்கொள்ளும். ரோட்டில் ஒரு குழி வந்தால் இந்த ஓர் அடியின் அருமை தெரியும்.

அப்புறம் கிங் கேப். பின்னால் திறக்கும் குட்டிக் கதவு, மடக்கு சீட்டு, 6 அடி பெட். முன்பு டகோமா, கொலராடோ, ரேஞ்சர் எல்லாவற்றிலும் இந்த வகை இருந்தது. இப்போது டகோமாவின் எக்ஸ்ட்ராகேபில் பின்சீட்டே இல்லை, குட்டிக் கதவும் இல்லை. மற்ற இருவரும் கடையையே மூடிவிட்டார்கள். வேலையாள் ஒருவரை அவ்வப்போது ஏற்றிக்கொள்ள வேண்டிய, நீள பெட்டும் வேண்டிய ஆளுக்கு இன்று ஃபிரான்டியரைத் தவிர நாதி இல்லை.

பெட் சுவரில் ஓடும் அந்த அலுமினியத் தண்டவாளம், அதில் கொக்கியை நகர்த்தி எங்கே வேண்டுமோ அங்கே திருகிக் கட்டலாம். இந்த யூட்டிலி-ட்ராக்கை யார் கண்டுபிடித்தாரோ, அவர் நிஜமாகச் சாமான் கட்டியவராக இருக்க வேண்டும்.

#12 டர்போதாசன்

பலகைவண்டி சார் சொன்னது நல்ல பாயிண்ட். ஆனால் அது ஒரு மூலை. எல்லாரும் விட்டுப்போன மூலையில் தனியாக நிற்பதைப் போட்டி என்று சொல்ல முடியுமா?

#13 பலகைவண்டி

விற்றால் சொல்லலாம்.

#14 கணக்குப்பிள்ளை

விற்பனையைத் தொட்டதால் சொல்கிறேன். டகோமா 2023-ல் 2,34,000-க்கு மேல் விற்றது. மாடல் மாற்றத்தில் 2024-ல் சுமார் 1,93,000-க்கு இறங்கி, அதற்கப்புறம் மீண்டும் ஏறிவிட்டது. ஃபிரான்டியர் ஆண்டுக்கு 60, 70 ஆயிரம் வாக்கில்தான். டகோமாவைத் தாண்டுவது நிசானின் கனவில்கூட இருக்காது.

ஆனால் விலையைப் பாருங்கள். அடிப்படை ரகம் இரண்டும் முப்பதாயிரத்துச் சொச்சம் டாலர். மேலே போகப் போக டகோமாவின் உச்ச ஆஃப்ரோடு ரகங்களில் ஒன்றான டிஆர்டி ப்ரோ 60,000 தாண்டிவிடும், பெரிய பிக்கப்பே வாங்கிவிடலாம். ப்ரோ-4எக்ஸ் நாற்பதாயிரத்துச் சொச்சத்தில் நின்றுகொள்கிறது, அதில் பில்ஸ்டைன் ஷாக், பின்சக்கரம் இரண்டையும் சேர்ந்து சுழல வைக்கும் டிஃப் லாக், அடித்தகடு எல்லாம் சேர்த்து.

மைலேஜில் ஃபிரான்டியர் 4x4 காலனுக்கு 19 மைல், டகோமா ஹைப்ரிட் 23. வருடம் 12,000 மைல் ஓட்டினால் 110 காலன் வித்தியாசம். காலன் 3 டாலர் என்றால் 330 டாலர். ஹைப்ரிட்டுக்குக் கூடுதலாகக் கொடுத்த ஆயிரங்களை எடுக்க எத்தனை வருடம் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். மறுவிற்பனையில் டகோமா கெட்டி என்பது மட்டும் மறுக்க முடியாதது. மூன்று வருடத்தில் மாற்றுகிறவர் டகோமா எடுக்கட்டும். பத்து வருடம் வைத்துக்கொள்பவருக்கு அந்த வாதம் கரைந்துவிடும்.

#15 நெடுஞ்சாலைவாசி

இடையில் ஒரு சின்ன விஷயம். 2023 கொலராடோவில் ஹெட்லைட்டைப் போட, அணைக்கக்கூடத் திரைக்குள் போக வேண்டும். ஃபிரான்டியரில் ஏசிக்கும் சத்தத்துக்கும் கையுறையோடு திருகக்கூடிய குமிழ்கள். குளிரில் வேலை செய்கிறவர்களைக் கேளுங்கள்.

ஃபோர்ட் மேவரிக்கையும் மறக்க வேண்டாம். 20,000 டாலருக்குச் சற்றுக் குறைவான விலையில் ஹைப்ரிட்டோடு வந்து, நடுத்தர பிக்கப்பின் அடிப்பகுதி வாடிக்கையாளரை அள்ளிக்கொண்டு போனது. விலை இப்போது ஏறிவிட்டது என்றாலும் அடி அடிதான். அதிகபட்சம் 4,000 பவுண்டு இழுக்கும். பாதிப் பேருக்கு அதுவே போதும்.

#16 தொழிற்சாலைக்கண்

எல்லோரும் வண்டியைப் பார்க்கிறீர்கள். நான் கம்பெனியைப் பார்க்கிறேன்.

ஃபிரான்டியர் மிசிசிப்பி மாநிலம் கேன்டனில் தயாராகிறது. டகோமா மெக்சிகோவில் இருந்து வருகிறது. 2025-ல் இறக்குமதி வண்டிகளுக்கு 25 சதவீத வரி போட்ட பிறகு இந்த ஊர் வித்தியாசத்துக்கு மதிப்பு கூடியது. வெளிநாட்டு பிக்கப்புக்கு 1964 முதலே 25 சதவீத வரி இருப்பதால்தான் இந்தப் பிரிவில் ஆட்டக்காரர்கள் இவ்வளவு குறைவு. வெளிநாடுகளில் விற்கும் டொயோட்டா ஹைலக்ஸும் நிசான் நவாராவும் இங்கே வராததற்கு அது ஒரு பெரிய காரணம்.

அடுத்தது எஞ்சின். டர்போ இல்லாத பெரிய வி6-ஐப் பலர் கைவிட்டதற்கு மைலேஜ் விதிகள் ஒரு முக்கியக் காரணம். 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம் அந்த விதியை மீறினால் கட்ட வேண்டிய அபராதத்தைப் பூஜ்யமாக்கிவிட்டது. அதனால் இந்த வி6-க்கு உடனடி ஆபத்து இல்லை. நாளைக்கே மாறினாலும் மாறும், அது வேறு.

கவலை பணத்தில். 2024 டிசம்பரில் ஹோண்டாவோடு இணைவதாகப் பேச்சு, 2025 பிப்ரவரியில் அது முறிந்தது. அதே வருடம் மே மாதம் 20,000 வேலைகளைக் குறைப்பதாகவும் 17 ஆலைகளை 10-ஆக்குவதாகவும் அறிவித்தார்கள். பெரிய பிக்கப் டைட்டன் 2024-ஓடு முடிந்தது. இப்போது அமெரிக்காவில் நிசானுக்கு இருக்கும் ஒரே பிக்கப் ஃபிரான்டியர். அதைக் கைவிட மாட்டார்கள். ஆனால் புது ஃபிரேம் போட்டு, மின்சார ஸ்டீயரிங் வைத்து, ஹைப்ரிட் சேர்த்து ஒரு முழு மாற்றம் செய்யக் கோடிக்கணக்கில் வேண்டும். அந்தக் காசு இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

#17 கிங்கேப்காரன்

அப்படியானால் இரண்டு வழிதான் தெரிகிறது. ஒன்று, விலையைக் கட்டுக்குள் வைத்து, கிங் கேப், நீள பெட், வி6 மூன்றையும் விடாமல் பிடித்துக்கொண்டு 2028, 2029 வரை ஓட்டுவது. இல்லையென்றால் மற்றவர்களைப் போலத் திரையும் டர்போவும் போட்டு 45,000 டாலருக்கு இழுத்து, டகோமாவோடு நேருக்கு நேர் நிற்பது. இரண்டாவது தற்கொலை.

#18 டர்போதாசன்

முதலாவதும் மெதுவான தற்கொலைதான் அண்ணே. எஞ்சினை விடுங்கள், அதில் நான் இறங்கி வருகிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலைவாசி சொன்ன லேன் வசதி 2028-ல் சின்னக் காரிலும் இருக்கும். அது இல்லாமல் தனியாள் வாங்க மாட்டார். கம்பெனிகளுக்கு மொத்தமாக விற்கும் வண்டியாகச் சுருங்கிவிடும்.

#19 ட்ரெய்லர்மாமா

மொத்தமாக விற்றாலும் உதிரிபாகம் சுலபமாகக் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் கை வைப்பார். பழைய ஃபிரேம் இத்தனை வருடம் ஓடியதில் அந்த லாபம் உண்டு.

எனக்கு வேண்டியது இவ்வளவே: பழைய ஹைட்ராலிக் பம்ப்பைத் தூக்கிவிட்டு மின்சார ஸ்டீயரிங், அதோடு லேன் வசதி, எஞ்சினைத் தொடாமல். ஃபிரேமை அப்படியே விடட்டும். இதை முழு மாற்றம் என்று அழைக்க வேண்டியதில்லை, செலவும் அந்த அளவுக்கு வராது.

#20 தொழிற்சாலைக்கண்

மாமா, கேட்கச் சுலபம். மின்சார ஸ்டீயரிங் என்றால் முன் சஸ்பென்ஷனுக்கு நடுவே புது ரேக்குக்கு இடம் வேண்டும், அதற்கான மின்சாரம் வேண்டும், அப்புறம் மோதல் சோதனையை மறுபடி நடத்த வேண்டும். ஆனால் நீங்கள் சொன்ன வரிசை சரி. நிசான் அடுத்த காசை அதில் போட்டால் இந்த வண்டி 2030 வரை தாங்கும். கிரில்லிலும் ஸ்டிக்கரிலும் போட்டால் டர்போதாசன் சொன்னதுதான் நடக்கும்.